பயிர்ச்செய்கைப் பதிவுகளைத் திறந்த வடிவிற் பேணுதல்

நெல், மரக்கறிச் செய்கையாளர்களுக்கான பாடம்
மொனராகலை, பதுளை மாவட்டங்கள்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பயிர்த்தொழிலின் வருமானக் குறைவைக் குறித்து எழுந்த இம்மொழியைச் சிலர், கணக்கு வையாதிருத்தற்கு ஒரு நியாயமாகக் கொள்வதுண்டு. அது பொருந்தாது. உழக்கு மிஞ்சாமைக்குக் காரணம் விதையா, மண்ணா, மழையா, பசளையா, சந்தை விலையா என்பதை அறிதற்குக் கணக்கையன்றி வேறு வழி இல்லை.

இக்காலத்திற் கமக்காரர் பலர் தம் வயற் கணக்குகளைக் கைப்பேசியிலும் கணினியிலும் எழுதிவருகின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆயினும், எழுதினோமா என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. எழுதியதை எந்த வடிவிற் சேமித்துவைத்தோம் என்பதும் அதே அளவு முக்கியமானது. பத்துப் போகங்களின் கணக்கு ஒருவரிடம் இருந்தும், அதைத் திறக்கும் நிரல் மறைந்துவிட்டால், அக்கணக்கு ஏட்டுச் சுரைக்காய்க்கும் கீழானதாகும். ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு உதவாவிடினும் கண்ணாலாவது காணலாம். இக்குறையை எவ்வாறு தவிர்ப்பது என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. பல போகங்களின் பதிவு ஏன் வேண்டும்?

ஒரு போகத்தின் விளைவை மட்டும் கொண்டு எதையும் தீர்மானித்தல் ஆகாது. இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். கமக்காரர் ஒருவரிடம் அடுத்தடுத்து இரண்டு வயல்கள் உள்ளன என்று கொள்வோம். மேல்வயலுக்குப் புதிய முறையிற் பசளை இடுகிறார். கீழ்வயலுக்குப் பழைய முறையில் இடுகிறார். முதற் போகத்தில் மேல்வயல் ஏக்கருக்கு 78 புசலும் கீழ்வயல் 74 புசலும் தந்தன. புதிய முறையால் நான்கு புசல் கூடிற்று என்று அவர் மகிழ்வார். இரண்டாம் போகத்தில் 85, 83. மூன்றாம் போகத்தில் 62, 65. நான்காம் போகத்தில் 80, 76.

நான்கு போகங்களின் வித்தியாசங்கள் முறையே 4 கூட, 2 கூட, 3 குறைய, 4 கூட என்றாகின்றன. இவற்றின் சராசரி ஒன்றே முக்காற் புசல் மட்டுமே. அதுவும் ஒரு போகத்திற் குறைந்தும் மற்றொரு போகத்திற் கூடியும் ஊசலாடுகின்றது. ஆகவே, புதிய முறை நல்லது என்றோ தீயது என்றோ துணிந்து கூற இன்னும் இடமில்லை. முதற் போகத்தின் நான்கு புசலை நம்பி, அடுத்த ஆண்டு கடன்பட்டுப் பசளை வாங்கியிருந்தால், அச்செலவு வீண்போகவும் கூடும். இந்த உண்மையைக் காட்டியது நான்கு போகங்களின் பதிவு. நான்காம் போகம் முடியும்போது முதற் போகத்தின் பதிவும் வாசிக்கத்தக்கதாய் இருந்தமையாலேயே இவ்வொப்பீடு இயன்றது.

ஊவா மாகாணத்திற்கு இது பின்னும் பொருந்தும். பசறை, லுணுகலை மலைச்சரிவிற் பெய்யும் மழை வேறு. வெல்லவாய, தணமல்வில வெளியிற் பெய்யும் மழை வேறு. பெரும்போகத்திற்கு வேண்டிய வடகீழ்ப் பருவமழை ஓராண்டில் முந்தியும் ஓராண்டிற் பிந்தியும் வருவதை யாவரும் அறிவர். பிற இடத்து மழைக்கணக்கு உங்கள் வயலுக்கு முற்றும் பொருந்தாது. உங்கள் வயலின் கதையை உங்கள் பதிவே சொல்ல வல்லது.

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்த 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைவு நாடெங்கும் பெரிதும் குறைந்தது. தன் வயலில் எத்தனை புசல் குறைந்தது, எவ்வளவு பசளை குறைந்தமையால் அவ்வாறு ஆயிற்று என்பதை, முந்திய போகங்களின் கணக்கை வைத்திருந்தவரே எண்ணாற் சொல்ல முடிந்தது. மற்றையோர் மனமதிப்பாகவே கூற நேர்ந்தது. வறட்சி, வெள்ளம், காட்டுயானை ஆகியவற்றால் நேரும் அழிவுக்கு நட்டஈடு கோரும்போதும், பரப்பும் விதைத்த திகதியும் எழுத்தில் இருப்பது பெருந்துணையாகும்.

2. வடிவம் என்பது யாது?

கணினியிலோ கைப்பேசியிலோ சேமித்துவைக்கும் ஒவ்வொரு பதிவும் கோப்பு எனப்படும். எழுத்தும் எண்ணும் அக்கோப்பினுள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன என்பதே அதன் வடிவம். அவ்வொழுங்கு விதி யாவரும் அறிய வெளியிடப்பட்டு, எவரும் அனுமதி வேண்டாது பயன்படுத்தக்கூடியதாய் இருப்பின், அது திறந்த வடிவம். விதியை ஒரு கம்பனி தன்னிடமே வைத்துக்கொண்டு, தன் நிரலாலன்றிக் கோப்பைச் செவ்வனே திறக்க இயலாதபடி அமைத்திருப்பின், அது மூடிய வடிவம், அதாவது கம்பனிக்குரிய வடிவம்.

இதனைக் கமக்காரர் விதையைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நம் நாட்டில் வழங்கும் பீஜி 352 போன்ற நெல்லினங்களில், நல்ல வயலிலிருந்து கலப்பின்றி எடுத்த நெல்லை அடுத்த போகத்திற்கு விதையாக வைத்துக்கொள்ளலாம். அயலவருக்கும் கொடுக்கலாம். கலப்பினத் தக்காளி, கோவா, சோளம் முதலியவற்றில் அவ்வாறு செய்ய இயலாது. அவற்றின் பழத்திலிருந்து எடுத்த விதை தாய்ப்பயிரின் குணத்தை அப்படியே தராது. போகந்தோறும் கடையில் வாங்கவேண்டும். கலப்பின விதை கெட்டது என்பது இதன் பொருளன்று. அது நல்ல விளைவு தருவதாலேயே நாம் வாங்குகிறோம். ஆனால், கடையில் விதை இல்லாத ஆண்டில் நம் கையில் ஒன்றும் இராது என்பதை அறிந்தே வாங்கவேண்டும்.

கோப்பின் வடிவமும் அத்தகையதே. மூடிய வடிவிற் சேமித்த கணக்கை வாசிக்க, அக்கம்பனியின் நிரலை நாம் என்றும் வைத்திருத்தல் வேண்டும். நிரலின் விலை ஏறினாலும், புதிய பதிப்பு பழைய கோப்பை ஏற்க மறுத்தாலும், கம்பனியே மூடப்பட்டாலும், நம் வயலின் கணக்கு நம் கையை விட்டுப் போய்விடும்.

3. பிறர் கண்ட அனுபவம்

(அ) றொதம்ஸ்ரெட் நிலையம். இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் என்னுமிடத்தில் 1843 ஆம் ஆண்டு லோஸ், கில்பேட் என்னும் இருவர் கோதுமை வயலொன்றிற் பசளைப் பரிசோதனையைத் தொடங்கினர். ஒரு பகுதிக்குப் பசளையே இடாமலும், மற்றைப் பகுதிகளுக்கு வெவ்வேறு பசளைகள் இட்டும், ஆண்டுதோறும் விளைவை நிறுத்து எழுதிவைத்தனர். அப்பரிசோதனை இன்றும் தொடர்கின்றது. 1919 ஆம் ஆண்டு றொனால்ட் பிஷர் என்னும் கணித அறிஞர் அங்கே பணிக்கு வந்து, எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அப்பழைய கணக்குகளை ஆராயத் தொடங்கினார். விளைவு மாறுபாட்டில் எவ்வளவு மழையால் நேர்ந்தது, எவ்வளவு பசளையால் நேர்ந்தது என்று பிரித்தறியும் முறைகள் அவ்வாராய்ச்சியிலிருந்து வளர்ந்தன. இன்று உலகெங்கும் பயிர் ஆராய்ச்சி நிலையங்களில் வயலைத் துண்டங்களாகப் பிரித்துப் பரிசோதிக்கும் முறைக்கு அவரே வழிவகுத்தவர்.

இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், அக்கணக்கை எழுதியவர்கள் பிஷரை அறியார். அவர் கையாளப்போகும் கணித முறையையும் அறியார். ஆயினும், எவரும் வாசிக்கத்தக்க எண்களாக, அலகும் ஆண்டும் குறித்து எழுதிவைத்தமையால், பின்வந்தவர் ஒருவர் அவற்றிலிருந்து புதிய அறிவைப் பெற்றார். எழுதியவர் மறைந்தபின்பும் பயன்படுவதே நல்ல பதிவு.

நம் தோட்டப்புறங்களிலும் இதற்குச் சான்று உண்டு. தேயிலைத் தோட்டக் காரியாலயங்களில் மழைப் புத்தகம் வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுகின்றது. திகதியும் மழையளவும் மட்டுமே கொண்ட அப்புத்தகத்தை, தோட்டம் எத்தனை கைமாறினாலும், துரை எத்தனை பேர் மாறினாலும், எழுத்தறிந்த எவரும் வாசிக்கலாம். அது காகிதத்தில் அமைந்த திறந்த வடிவம்.

(ஆ) லேசர்த் தட்டில் அடங்கிய நூல். இங்கிலாந்தில் 1086 ஆம் ஆண்டு அரசன் ஆணையால் நிலங்களின் கணக்கு தோலேட்டில் எழுதப்பட்டது. டூம்ஸ்டே நூல் எனப்படும் அதனை இன்றும் வாசிக்கலாம். அதன் தொளாயிரமாவது ஆண்டு நிறைவுக்காக 1986 இல், பி.பி.சி. நிறுவனம் நாட்டின் ஊர்களைப் பற்றிய புதிய தொகுப்பொன்றைப் படங்களுடன் லேசர்த் தட்டுகளில் வெளியிட்டது. அத்தட்டுகளை வாசிக்கத் தனிவகையான இயந்திரம் வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்குள் அவ்வியந்திரம் கிடைத்தற்கரியதாயிற்று. அறிஞர்கள் பெருமுயற்சி செய்தே அதன் உள்ளடக்கத்தை மீட்டனர்.

(இ) ஆராய்ச்சி நிலைய நிரல்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாகிய எம்ஸ்டாட்-சி என்னும் நிரல், தென்னாசியாவின் விவசாயப் பல்கலைக்கழகங்களில் வயற் பரிசோதனைக் கணக்குகளை ஆராய்வதற்கு ஒருகாலத்திற் பரவலாக வழங்கியது. அது டாஸ் என்னும் பழைய இயக்கமுறைக்கு எழுதப்பட்டது. இன்றைய கணினிகளில் விசேட ஏற்பாடின்றி இயங்காது. தம் எண்களைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவும் வெளியே எடுத்துவைத்தவர்களுக்கு இதனால் நட்டமில்லை. நிரலின் சொந்தக் கோப்பில் மட்டும் வைத்தவர்கள் முதலில் நிரலைத் தேடவேண்டியவர் ஆயினர்.

(ஈ) தமிழ் எழுத்துருக்கள். இவ்விஷயத்திற் தமிழ் வாசிக்கும் நாம் ஒரு பாடத்தை நேரே கற்றுள்ளோம். இலங்கையில் பாமினி என்னும் எழுத்துரு பல்லாண்டுகளாகப் பத்திரிகைகளிலும் காரியாலயங்களிலும் வழங்கிற்று. அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் எழுத்தின் உருவத்தைப் பொருத்தும் முறை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் கோப்பைத் திறந்தால், "அம்மா" என்னும் சொல்லும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த பொருளற்ற கோவையாகத் தோன்றும். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தமையால், ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கவியலாத நிலை பல இடங்களில் ஏற்பட்டது. 1991 இல் வெளிவந்த யூனிகோட் என்னும் பொதுக் குறியீட்டு முறையிற் தமிழும் இடம்பெற்றது. இலங்கையிலும் 2008 இல் தமிழுக்கான எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரம் வகுக்கப்பட்டது. இன்று பிபிலையிலிருந்து அனுப்பும் தமிழ்ச் செய்தி கனடாவிலுள்ள உறவினரின் கைப்பேசியிலும் அவ்வாறே தோன்றுவது, யாவரும் ஒரே திறந்த விதியைப் பின்பற்றுவதன் பயனாகும்.

(உ) பழைய அட்டவணையின் எல்லை. 2020 ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 15,841 கொரோனாத் தொற்றாளரின் விபரம் விடுபட்டது. ஆய்வுகூடங்களிலிருந்து வந்த விபரங்கள் எளிய எழுத்துக் கோப்புகளாக இருந்தன. அவற்றை எக்செல் நிரலின் பழைய வடிவத்துக்கு மாற்றியபோது, ஒரு தாளில் 65,536 வரிகளுக்கு மேல் அவ்வடிவம் ஏலாமையால், எஞ்சியவை அறிவிப்பின்றி வெளியே நின்றன. அந்நோயாளரோடு பழகியோரைத் தேடும் பணி அதனாற் பிந்திற்று. வடிவத்தின் எல்லையை அறியாது பயன்படுத்தினால், இல்லாத கணக்கை முழுக்கணக்கென நம்ப நேரிடும்.

4. மூடிய வடிவை முற்றாக விலக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. எக்செல் முதலிய நிரல்கள் கூட்டல், சராசரி, வரைபடம் ஆகியவற்றை விரைவிற் செய்து தருவன; பலருக்குப் பழகியவை. எக்செல்லின் புதிய வடிவத்தின் விதிகள் வெளியிடப்பட்டு, 2008 முதற் சர்வதேசத் தரமாகவும் உள்ளன. கைப்பேசிச் செயலிகள் சிலவும் வசதியானவையே.

ஆகவே, பின்பற்றவேண்டிய விதி இதுவே: வேலைக்கு எந்த நிரலையும் பயன்படுத்துக, வைப்புக்குத் திறந்த வடிவிற் பிரதி ஒன்று எடுத்து வைக்குக. கலப்பினத் தக்காளி நட்டவரும் வீட்டு நெல்விதையைக் கைவிடாதிருப்பது போன்றதாகும் இது.

திறந்த வடிவுகளுள் மிக எளியது, காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட எழுத்துக் கோப்பு. இதனைச் சி.எஸ்.வி. கோப்பு என்பர். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரி. ஒரு விபரத்துக்கும் அடுத்த விபரத்துக்கும் இடையே ஒரு காற்புள்ளி. இவ்வளவே அதன் அமைப்பு. எக்செல்லிலும், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் நிரலிலும், எந்தக் கைப்பேசியிலும் இதனைத் திறக்கலாம். நிரல் எதுவும் அகப்படாவிடினும் வெறும் எழுத்தாக வாசிக்கலாம். ஆராய்ச்சியாளர் பலர் பயன்படுத்தும் ஆர் என்னும் ஆய்வு நிரலும் இதனை நேரே ஏற்கும். நியூசீலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்டில்மன் ஆகிய இருவர் 1990களிற் தொடங்கிய அந்நிரல் இலவசமானது. அதன் உட்கூறுகளும் யாவரும் பார்க்கத் திறந்துள்ளன.

5. பதிவு எழுதும் முறை

முதல் வரியில் தலைப்புகளையும், அடுத்து வரும் வரிகளில் நிகழ்ச்சிகளையும் எழுதுக. கீழே உள்ளது மாதிரி மட்டுமே. இதிலுள்ள அளவுகள் சிபாரிசுகள் அல்ல.

திகதி,வயல்,பரப்பு ஏக்கர்,வேலை,பொருள்,அளவு,அலகு,குறிப்பு
2024-10-28,மேல்வயல்,1,விதைப்பு,பீஜி 352,2,புசல்,முளைவிதை
2024-11-12,மேல்வயல்,1,பசளை,யூரியா,20,கிலோ,முதல் மேற்கட்டு
2024-12-03,கீழ்த்தோட்டம்,0.25,நடுகை,கத்தரி,1800,கன்று,மழைக்குப் பின்
2025-02-12,மேல்வயல்,1,அறுவடை,நெல்,82,புசல்,தூற்றிய பின்

இதனை எழுதும்போது பின்வருவனவற்றைக் கவனிக்க.

திகதி: ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கில் எழுதுக. 03/04/2025 என்று எழுதினால் ஒருவர் ஏப்பிரல் 3 என்பார். மற்றொருவர் மார்ச் 4 என்பார். 2025-04-03 என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. வரிசைப்படுத்தவும் எளிது.

அலகு: அளவையும் அலகையும் தனித்தனி நிரலில் இடுக. "10 மூடை" என்பது எவ்வளவு என்று ஐந்து ஆண்டின் பின் எவரும் அறியார். மூடைக்கு மூடை நிறை வேறுபடும். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 20.9 கிலோகிராம் என்பது தெரிந்த அளவாதலின் புசல் என்று எழுதுவதில் தவறில்லை. அதனை ஒருபோதும் விடாது எழுதுவதே வேண்டுவது. மழையளவிலும் இவ்வாறே. பழைய புத்தகங்களில் அங்குலத்திலும் இக்காலத்தில் மில்லிமீற்றரிலும் எழுதப்படுவதால், அலகு இல்லாத எண் பயனற்றது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் ஆகும்.

சுழியும் வெற்றிடமும்: மழைமானியை வளிமண்டலவியல் திணைக்கள வழக்கப்படி நாடோறும் காலை 8.30 மணிக்குப் பார்த்து, மழைக்கெனத் தனிக் கோப்பில் எழுதுக. மழை பெய்யாத நாளில் 0 என்று எழுதுக. பார்க்காத நாளில் ஒன்றும் எழுதாது வெறுமையாக விடுக. பார்க்காத நாளுக்குச் சுழி இட்டால், பெய்த மழையும் பெய்யாததாகிவிடும்.

காற்புள்ளி: குறிப்பினுள் காற்புள்ளி இடற்க. ஆயிரத்து இருநூற்றைம்பதை 1250 என்றே எழுதுக. 1,250 என்று எழுதினால் நிரல் அதை இரண்டு எண்களாகப் பிரித்துவிடும்.

நிறம்: நோய்கண்ட பாத்தியைச் சிவப்பு நிறத்தாற் குறித்தல் எக்செல்லிற் சாத்தியமாயினும், திறந்த பிரதி எடுக்கும்போது நிறம் மறைந்துவிடும். "வாடல்நோய்" என்று சொல்லால் எழுதுக.

பெயர்: ஒரு வயலுக்கு ஒரு பெயரே வைத்து, என்றும் அதனையே எழுதுக. "மேல்வயல்", "மேட்டுவயல்", "பெரியவயல்" என்று மாற்றி எழுதினால், நிரல் அவற்றை மூன்று வயல்களாகக் கொள்ளும்.

6. நிரல் தானே செய்யும் மாற்றங்கள்

அட்டவணை நிரல்கள் சில வேளைகளில் நாம் எழுதியதை நம்மைக் கேளாமலே மாற்றிவிடும். பழைய பீஜி 11-11 என்னும் நெல்லினத்தை வெறும் 11-11 என்று எழுதினால், எக்செல் அதனை நவம்பர் 11 ஆம் திகதியாகக் கொள்ளும். பாத்தி இலக்கம் 3-4 என்பதும் திகதியாகும். சுழியிற் தொடங்கும் தொலைபேசி இலக்கத்தின் முதற் சுழி மறையும். இது கமக்காரருக்கு மட்டும் நேர்ந்த சங்கடமன்று. மனிதரின் மரபணுக்களுக்கு அறிஞர் இட்ட குறுக்கப் பெயர்கள் சில இவ்வாறே மாதப் பெயராக மாறி ஆராய்ச்சிக் கட்டுரைகளிற் பிழையை விளைத்தமையால், 2020 இல் அப்பெயர்களையே மாற்றி வைக்கும்படி ஆயிற்று.

ஆகவே, இனத்தின் பெயரை "பீஜி 11-11" என்று முழுமையாகவும், பாத்தியை "பாத்தி 3" என்றும் எழுதுக. சேமித்தபின் கோப்பை ஒருமுறை திறந்து, எழுதியது எழுதியவாறே உள்ளதா என்று பார்க்குக. எக்செல்லில் திறந்த பிரதி எடுக்கும்போது, சி.எஸ்.வி. வகைகளுள் யூ.டி.எஃப்.-8 என்று குறித்த வகையைத் தெரிவுசெய்க. இல்லையேல் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடக் கூடும். தமிழை எப்போதும் யூனிகோட் எழுத்திலேயே எழுதுக.

7. கைப்பேசிச் செயலியைத் தெரிவுசெய்தல்

புதிய செயலியில் ஒரு போகக் கணக்கை எழுதத் தொடங்குமுன், ஐந்து வரிகளை மட்டும் எழுதி, அவற்றைச் சி.எஸ்.வி. கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று சோதித்தறிக. முளைதிறனைச் சோதியாது விதையை வாங்காதது போல, வெளியேறும் வழியைச் சோதியாது செயலியை ஏற்றல் ஆகாது. பின்வரும் நான்கு வினாக்களுக்கு விடை காண்க.

இச்செயலி இன்றி என் கணக்கை வாசிக்க முடியுமா? பணம் செலுத்தாது விட்டாற் பழைய கணக்கு எனக்குக் கிடைக்குமா? இணையத் தொடர்பு இல்லாத வயலிலும் எழுத முடியுமா? கைப்பேசி தொலைந்தாற் கணக்கு வேறெங்கேனும் இருக்குமா?

முதலிரண்டு வினாக்களுக்கும் "இல்லை" என்பது விடையாயின், அச்செயலியைத் தவிர்த்தல் நன்று. தவிர்க்க இயலாவிடின், ஒவ்வொரு மாத முடிவிலும் முக்கிய எண்களைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்க.

8. பேணும் முறை

காகிதக் கொப்பியைக் கைவிட வேண்டாம். வயலில் ஈரக்கையோடு எழுதுவதற்குப் பென்சிலும் கொப்பியுமே ஏற்றவை. மாலையில் வீட்டில் அதனைக் கணினிக்கோ கைப்பேசிக்கோ ஏற்றலாம். ஆனால், காகிதத்திற்குக் கறையானும் மழை ஒழுக்கும் பகை; கைப்பேசிக்கு நீரும் களவும் பகை. ஆகவே, கொப்பியில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று என மூன்று பிரதிகள் வைத்தல் நலம். மூன்றாம் பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைக்கலாம். பிறிதோர் ஊரில் வசிக்கும் மகனிடமோ மகளிடமோ கொடுத்தும் வைக்கலாம்.

கோப்புக்குப் பெயரிடும்போது, "புதியது", "கடைசி" என்று இடாது, "மேல்வயல் 2024-25 பெரும்போகம்" என்று பொருள் விளங்க இடுக. கூடவே, வயல்களின் பெயர், பரப்பு, நீர் வரும் வாய்க்கால், பயன்படுத்தும் அலகுகள் ஆகியவற்றை விளக்கும் சிறு குறிப்பொன்றையும் எழுதி வைக்குக. எண்கள் மட்டும் இருந்து விளக்கம் இல்லாவிடின், வடிவம் திறந்திருந்தும் பொருள் மூடியிருக்கும்.

9. சில ஐயங்கள்

திறந்த வடிவில் வைத்தால் ஊரார் யாவரும் என் கணக்கைப் பார்த்துவிடுவார்களோ என்று சிலர் அஞ்சுவர். அது தேவையற்ற அச்சம். திறந்திருப்பது வடிவத்தின் விதியே. உங்கள் கணக்கு அன்று. எவரும் அறிந்த தமிழ் எழுத்தில் எழுதிய கொப்பியையும் நீங்கள் பெட்டியிற் பூட்டி வைக்கலாம் அல்லவா? யாருக்குக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம்.

எழுத்தறிவு குறைந்தவர் என் செய்வது என்பது மற்றோர் ஐயம். பாடசாலை செல்லும் பிள்ளைகள் இவ்வேலையை விரும்பிச் செய்வர். கமக்காரர் அமைப்பில் ஒருவர் பலருக்காக எழுதவும் கூடும். ஓர் அமைப்பைச் சேர்ந்த முப்பது பேர் ஒரே தலைப்புகளில் எழுதினால், அம்முப்பது கோப்புகளையும் ஒன்றாக்கி, இவ்வாய்க்காலின் கீழ் எந்த இனம் பிந்திய மழையைத் தாங்கிற்று என்பதைக் காணலாம். தனித்தனிச் செயலிகளில் வெவ்வேறு மூடிய வடிவில் இருப்பின் இது இயலாது.

திறந்த வடிவில் இருப்பதால் மட்டும் கணக்கு உண்மையாகிவிடுமா என்றும் கேட்கலாம். ஆகாது. நிறுக்காமல் எழுதிய நிறையும், அளக்காமல் எழுதிய மழையும் எந்த வடிவில் இருந்தாலும் பிழையே. ஆனால், திறந்த கணக்கிற் பிழை இருப்பின் பிறர் கண்டு திருத்த முடியும்.

ஞாபகத்தில் வைக்க வேண்டியவை

1. ஒரு போகத்தின் விளைவு தீர்ப்பாகாது. பல போகங்களின் பதிவே வழிகாட்டும்.
2. வேலைக்கு எந்த நிரலும் ஆகும். வைப்புக்குத் திறந்த வடிவே ஆகும்.
3. திகதி, வயல், அளவு, அலகு ஆகிய நான்கையும் எந்த வரியிலும் விடற்க.
4. அளந்து கண்ட சுழி வேறு; அளக்காத வெற்றிடம் வேறு.
5. வெளியே எடுக்க முடியாத செயலியில் உங்கள் கணக்கை இடற்க.
6. மூன்று பிரதிகள் மூன்று இடங்களில் இருத்தல் வேண்டும்.

பயிற்சி

1. சென்ற போகத்தில் உங்கள் வயலில் செய்த வேலைகளுள் ஐந்தினை மேற்கூறிய மாதிரியில் எழுதுக.
2. இப்போது நீங்கள் பயன்படுத்தும் செயலியிலிருந்து கணக்கை வெளியே எடுத்து, வேறொரு கைப்பேசியில் திறந்து பார்க்குக.
3. உங்கள் வயலின் கடந்த நான்கு போக விளைவுகளை அயல் வயலொன்றின் விளைவுகளுடன் ஒப்பிட்டு, வித்தியாசங்களின் சராசரியைக் காண்க.

இவற்றைச் செய்கையில் ஐயம் தோன்றின், கொப்பியையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு உங்கள் கமநல சேவை நிலையத்துக்கு வந்து, விவசாயப் போதனாசிரியரைக் காண்க. பெரும்போக விதைப்புக்கு முன்னரே பதிவேட்டைத் தொடங்குதல் உத்தமம்.